ஹோம்ஸ்கூல், தேவாரம், பிஎஸ்எல்இ: மூன்றையும் எப்படிப் பொருத்துவது?

செங்காங்_அம்மா
வணக்கம். மகளுக்கு அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவள். வீட்டிலேயே படிக்கவைத்து, தினமும் தேவாரத்தோடு தொடங்கலாமா என்று யோசிக்கிறோம். கல்வி அமைச்சிடம் என்ன காட்ட வேண்டும்? ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பதிகத்தை (பத்துப் பதினொரு பாட்டுள்ள தேவாரத் தொகுப்பு) எப்படிச் சொல்லித்தருவது? தமிழ்ப் பாடத்துக்கு அதுவே போதுமா?

மணற்கேணி
கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே வசிக்கும் குடியுரிமைப் பிள்ளையை விலக்கு வாங்காமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்க முடியாது. விண்ணப்பத்தில் சொல்ல வேண்டியவை: ஏன் வீட்டுக்கல்வி, யார் சொல்லித்தரப்போகிறார், அவருடைய கல்வித் தகுதி, பாடத்திட்டம், வார அட்டவணை. சமய நம்பிக்கையைக் காரணமாக எழுதலாம், தப்பில்லை. ஆனால் அட்டவணையில் காலை இரண்டு மணி நேரம் வழிபாடு, கணிதத்துக்கு வாரம் இரண்டு முறை என்று இருந்தால் கேள்வி வரும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தமிழ் நான்குக்கும் தனித்தனி நேரம் காட்டுங்கள்.

பிறகு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கநிலை ஆறின் முடிவில் வரும் தேசியத் தேர்வு. வீட்டில் படிக்கும் பிள்ளையும் அதை எழுதி, ஓர் எல்லைக்கோட்டை எட்ட வேண்டும். அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதிய பிள்ளைகளில் நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33ஆவது இடம்தான் எல்லைக்கோடு. அதே ஆண்டுத் தேர்வை வைத்துக் கணக்கிடுவதால் கோடு எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ‘தேறினால் போதும்’ என்று ஒட்டிப் படிப்பிக்காதீர்கள்.

நட்டபாடை
பதிகம் பற்றி மட்டும் சொல்கிறேன். சம்பந்தரின் முதல் பதிகமான ‘தோடுடைய செவியன்’ ஆறு வயதுக்கு நன்றாக ஒத்துவரும். பண் நட்டபாடை, கம்பீர நாட்டை ராகத்தில் பாடுவது வழக்கம். 11 பாட்டு. வாரம் ஒன்று, நாளுக்குப் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் வாய் பாடும், மனம் விளையாட்டில் இருக்கும்.

முதல் பாட்டைத் தொடங்கும் முன்பே ‘பிரமாபுரம் மேவிய பெம்மான் இவனன்றே’ என்ற ஈற்றைப் பழக்கிவிடுங்கள் (பிரமாபுரம் என்பது சீர்காழி). பத்துப் பாட்டிலும் அதே ஈறுதான், பிள்ளைக்குப் பாதி தெரிந்த மாதிரி இருக்கும். திங்கள், செவ்வாய் பாடாமல் சொல்பிரித்து வாசிப்பு. புதன் முதல் அரையடி அரையடியாக நீங்கள் பாட, அவள் திருப்பிப் பாட வேண்டும். சுருதிப் பெட்டியை அவள் குரலுக்கு வையுங்கள், உங்கள் குரலுக்கு அல்ல.

இரண்டு இடத்தில் சறுக்கும். பல பதிப்புகளில் சீர் பிரித்து ‘பீடுடையபிர மாபுரம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். பிள்ளை ‘பிர’வில் மூச்சு விட்டு, ‘மாபுரம்’ ஏதோ பெரிய ஊர் என்று நினைத்துக்கொள்ளும். பென்சிலால் வளைவு போட்டுச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று 11ஆம் பாட்டு. அங்கே ‘பெம்மான் இவன்தன்னை’ என்று மாறி, இரண்டாம் அடியிலேயே வந்துவிடும். பழக்கதோஷத்தில் ‘இவனன்றே’ என்று பாடி, மேலே போக வழியில்லாமல் நின்றுவிடுவார்கள். அந்தப் பாட்டை மட்டும் கடைசி அடியில் தொடங்கி, ஒவ்வோர் அடியாக முதலடி வரை பழக்குங்கள்.

செங்காங்_அம்மா
ரொம்ப நன்றி. பத்தாம் பாட்டில் புத்தரையும் சமணரையும் சாடுகிறதே? எங்கள் புளோக்கில் பாதி வீட்டில் பௌத்தர்கள்தான். விட்டுவிடலாமா?

நட்டபாடை
வெட்ட வேண்டாம், தள்ளி வையுங்கள். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டில் இராவணன், ஒன்பதில் திருமாலும் பிரமனும், பத்தில் புறச்சமயம், கடைசியில் அவர் பெயரும் பாடிய பயனும் வரும். அந்த அமைப்பைச் சொல்லி, அது ஏழாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் நடந்த வாதம், மேல்மாடி ஆன்ட்டியைப் பற்றியது இல்லை என்று பத்து வயதில் விளக்கலாம். அதுவரை பத்துப் பாட்டு, பத்து வாரம். இங்கே ஒரு பள்ளித் தவணையும் பத்து வாரம்தான்!

ரெண்டு_பிள்ளை_அப்பா
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பதினைந்து நிமிடத்துக்காகப் பள்ளியை விட வேண்டுமா? விளக்கேற்றும் நேரத்திலேயே அது நடக்குமே. வீட்டுக்கல்விக்கு வேறு காரணம் இருந்தால் சரி.

தமிழ்ப் பாடத்துக்குத் தேவாரம் போதாது. பிஎஸ்எல்இ தமிழில் வாய்மொழியும் கேட்டல் கருத்தறிதலும் சேர்ந்தே 35 விழுக்காடு. வாய்மொழியில் வாசிப்பும் உண்டு, காணொளி பார்த்து உரையாடுவதும் உண்டு. பதிகம் பாடும் பிள்ளைக்கு ழகர, ளகரம் சுத்தமாக வரும், வாசிப்பில் அது கைகொடுக்கும். உரையாடலில் உதவாது. ‘அந்தப் பையன் ஏன் குப்பையைக் கீழே போட்டான், நீயா இருந்தா என்ன செய்வே?’ என்றால் காரணம் சொல்லி நாலு வாக்கியம் பேசத் தெரிய வேண்டும். ஈரச்சந்தையிலும் எம்ஆர்டி ரயிலிலும் கண்ணில் பட்டதைத் தமிழிலேயே பேசவையுங்கள். இடையில் ஆங்கிலத்துக்குத் தாவினால் திட்டாமல், அதே வாக்கியத்தைத் தமிழில் நீங்கள் முடித்துக் கொடுங்கள்.