சுள்ளியை அழித்தால் அது காட்டுயிர்ப் படமா?

சாம்பல்நாரை:
காட்டுயிர்ப் படத்தை எடிட் செய்தாலே ஏமாற்று என்று சிலர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேமரா எந்த மெருகும் ஏற்றாமல் பதிந்து வைக்கும் ரா ஃபைலைத் திறந்து பாருங்கள், வெளிறிப்போய்ச் சப்பென்று இருக்கும். ஜேபெக்கில் எடுத்தாலும் நிறத்தையும் கூர்மையையும் கேமராவே ஏற்றித்தான் தருகிறது. விடியலில் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 6400-ல் (கேமராவின் ஒளி உணர்திறனை நிறையக் கூட்டி) எடுத்த பறவைக்கு நாய்ஸை, அதாவது படத்தில் விழும் மணல் மாதிரிப் புள்ளிகளைக் குறைப்பதோ, அதன் முகத்துக்குக் குறுக்கே போகும் ஒரு சுள்ளியை எடுத்துவிடுவதோ எனக்குத் தப்பாகப் படவில்லை.

வேலிமுள்:
நிறம், வெளிச்சம், கிராப் எல்லாம் சரி, யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சுள்ளிதான் பிரச்சினை. புதருக்குள் ஒளிந்து வாழ்கிற பறவையை வெறும் பச்சைப் பின்னணியில் தனியாக உட்கார வைத்தால் அது வாழும் இடமே படத்தில் இல்லாமல் போகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் சென்சார் தூசியைத் துடைக்கலாம், காட்சியில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. ரா ஃபைலையும் வாங்கிப் பார்க்கிறார்கள்.

சாம்பல்நாரை:
ரா ஃபைல் எதைக் காப்பாற்றியது? அதே போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது, வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய் படம். அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். பிரேசிலில் கரையான் புற்றருகே எடுத்த எறும்புத்தின்னி படமும் 2018-ல் போனது, அது பாடம் செய்த உடல் என்று. எடுத்தவர்கள் இருவருமே மறுத்தார்கள், அது வேறு. ஆனால் இரண்டிலும் குற்றச்சாட்டு எடிட்டிங் பற்றியது இல்லையே!

ஈரச்சிறகு:
நாய்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு வைத்து நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் இறகைச் சுத்தம் மட்டும் செய்வதில்லை, விவரம் இல்லாத இடத்தில் இறகு இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வரைந்தும் விடுகின்றன. கதிர்க்குருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையில் நூல் மாதிரி ஒரு வெளிர் கோடு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே சில இனங்களைப் பிரிக்கிறோம், நாய்ஸ் நீக்கும் ஸ்லைடரைக் கொஞ்சம் கூட்டினால் அந்தக் கோடு கரைந்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கதிர்க்குருவிகளில் சிஃப்சாஃபின் கால் கருமை, வில்லோ வார்ப்ளருக்குப் பெரும்பாலும் வெளிர் கால். ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலையை) மஞ்சள் பக்கம் தள்ளி, நிழலான இடங்களையும் வெளிச்சமாக்கிவிட்டு, இது என்ன பறவை என்று கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? எனக்குச் சுள்ளியை விட இதுதான் பெரிய கவலை.

சாம்பல்நாரை:
நியாயம்தான். அடையாளம் கேட்டுப் போடுகிற படத்தில் கை வைக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். சுள்ளியில் மாட்டேன். கூட்டை மறைக்கும் இலைகளை நிஜமாகவே வெட்டிவிட்டுப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் குஞ்சுகள் வெயிலில் காய்கின்றன, காகத்தின் கண்ணிலும் படுகின்றன. அதற்குக் கணினியில் அழிப்பது எவ்வளவோ மேல் இல்லையா?

வேலிமுள்:
அவர்கள் ஏன் வெட்டுகிறார்கள் என்று யோசித்தீர்களா? ஒரு இலைகூடக் குறுக்கே வராத படங்களுக்குத்தான் விருப்பக்குறி குவிகிறது, புதிதாகக் கேமரா வாங்கியவர் அதைப் பார்த்துப் பார்த்து நல்ல படம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்கிறார். உங்களுக்கு மென்பொருள் தெரியும், கணினியில் அழிக்கிறீர்கள். தெரியாதவர் கத்தரியை எடுக்கிறார். அவர் குஞ்சுக்குச் செய்கிற கெடுதலில் உங்கள் சுத்தமான படத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

சாம்பல்நாரை:
கூட்டுப் படமே வேண்டாம் என்பேன், அதில் நமக்குள் சண்டை இல்லை. மற்ற படங்களில் சுள்ளியை எடுத்தால் "கிளை நீக்கப்பட்டது" என்று கீழே எழுதிவிடுகிறேன், போதுமா?

வேலிமுள்:
போதாது. யாராவது பகிர்ந்தால் குறிப்பு போய்விடும், படம் மட்டும் சுற்றும். அழிக்காத படத்தையும் பக்கத்திலேயே ஒட்டி ஒரே படமாகப் போடுங்கள்.