மூணு ரூம் ஹோம்ஸ்டே: மழையில ஷீட்டும் டவலும் காயல, டிரையர் வாங்கவா, செட் கூட்டவா?

நாயுடுபுரம்_3ரூம்

கொடைக்கானல்ல மூணு டபுள் ரூம். செக்-அவுட் 11, செக்-இன் 1 மணி. பெரும்பாலும் ஒரு ராத்திரி தங்குறவங்கதான். பெட்டுக்கு ரெண்டு செட் இருக்கு. 7 கிலோ டாப் லோடு மெஷின், ஹீட்டர் கிடையாது. சீசன்ல வெயில் இருந்ததால ஓடிடுச்சு. ஐப்பசி மழை பிடிச்சதும் ஷீட் ரெண்டு நாள் ஆகுது, டவல் மூணு நாள் ஆகுது. காஞ்சிடுச்சுன்னு மடிச்சு வெச்சா நாலாம் நாள் அலமாரியைத் திறக்கும்போதே ஈரவாடை. டிரையர் வாங்கினா போதுமா? இல்ல மொத்தத்தையும் மலைக்குக் கீழ இருக்கிற வத்தலக்குண்டு லாண்டரிக்கு அனுப்பிடலாமா? டவல்ல வர்ற மஞ்சள், சாக்லேட் கறைக்கும் வழி சொல்லுங்க.

குன்னூர்_லினன்

முதல்ல துவையலையும் செக்-அவுட்டையும் பிரிச்சிடுங்க சார். 11 மணிக்குக் கழட்டின ஷீட் 1 மணிக்குத் திரும்பப் பெட்டுல ஏறணும்னா மலையில நடக்காது. அலமாரியில இருந்து எடுத்து விரிங்க, கழட்டினது தன் பாட்டுக்குத் துவையட்டும்.

எத்தனை செட்ங்கிறது காயற நாளைப் பொறுத்தது. தினமும் ஆள் மாறுற ரூமுக்கு பெட்டுல ஒண்ணு, அலமாரியில ஒண்ணு, அதோட காய எத்தனை நாளோ அத்தனை. மூணு நாள் ஆனா அஞ்சு செட். ஒரே நாள்ல காயவெச்சா மூணு போதும். ரெண்டு செட்டை வெச்சுக்கிட்டு மழைக்காலத்தை ஓட்டவே முடியாது, அது உங்க தப்பு இல்ல.

எடைக் கணக்கு போட்டுப் பாருங்க. 100×108 இன்ச் காட்டன் ஷீட் சுமார் 900 கிராம், குவில்ட் கவர் ஒன்றரை கிலோ, தலையணை உறை நாலு 400 கிராம். 30×60 இன்ச், 500 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 500 கிராம்) குளியல் டவல் ரெண்டு 1.1 கிலோ, கை டவலும் கால்மேட்டும் சேர்ந்து 600 கிராம். ரூமுக்கு நாலரை கிலோ, மூணு ரூமுக்கு பதிமூன்றரை. 7 கிலோ மெஷின்ல 7 கிலோ திணிச்சா அழுக்கும் போகாது, சோப்பும் போகாது. ஷீட், கவர், உறை எல்லாம் ரெண்டு லோடு, டவலும் மேட்டும் தனியா ஒரு லோடு. டவல் பஞ்சு ஷீட்ல ஒட்டினா கெஸ்ட் கண்ணுக்கு அழுக்காத்தான் தெரியும்.

எல்லாரும் கவனிக்காம விடுறது ஸ்பின். 800 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 800 சுத்து) சுத்தி எடுத்த துணியில அதன் காய்ஞ்ச எடையில சுமார் 70 சதவீதம் தண்ணி நிக்கும். 1400ல 50 சதவீதம். பதிமூன்றரை கிலோவுக்கு அது ஒன்பதரை லிட்டருக்கும் ஆறே முக்கால் லிட்டருக்கும் உள்ள வித்தியாசம். அந்த ரெண்டே முக்கால் லிட்டரை மேகமூட்டத்துல கொடியில தொங்கவிட்டுக் காயவைக்கிறதுக்கும் மெஷின்லயே உதறி எடுக்கிறதுக்கும் எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க. புது மெஷின் வாங்கற எண்ணம் இருந்தா ஹீட்டரோட 1200க்கு மேல சுத்தற ஃப்ரண்ட் லோடு பாருங்க. இல்லன்னா இப்ப இருக்கிற மெஷின்லயே இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் ஓட்டுங்க, கொஞ்சமாவது இறங்கும்.

ஹீட்டர் இல்லாத மெஷின்ல மார்கழி தை மாசம் வர்ற ஜில் தண்ணியில பவுடர் முழுசாக் கரையாது. ஷீட்ல வெள்ளை வெள்ளையாத் திட்டு விழுறது அதனாலதான். லிக்விட் போடுங்க, இல்ல பவுடரை ஒரு மக்கு சுடுதண்ணியில கரைச்சு ஊத்துங்க. ஓடைத்தண்ணி, மழைத்தண்ணி மாதிரி உப்பு குறைஞ்ச தண்ணின்னா பாக்கெட்ல போட்ட அளவுல பாதியே போதும். நுரை அதிகமாகி அலசல்ல போகாம நின்னா டவல் பலகை மாதிரி ஆகும், வாடையும் பிடிக்கும்.

கோத்தகிரி_கொட்டகை

கொடி கட்டுறதைப் பத்தி மட்டும் சொல்றேனுங்க. கார்னேஷன் பூ வளர்க்கிற பாலிஹவுஸ் மாதிரி ஒரு சின்னக் கொட்டகை போட்டுடுங்க. 10×12 அடி, ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், மேல 200 மைக்ரான் யூவி (வெயில் தாங்குற) பிளாஸ்டிக் ஷீட். கீழ ரெண்டு பக்கமும் ஒரு அடிக்கு வலை, உச்சியில ஒரு திறப்பு. சூடான ஈரக்காத்து மேல போகணும், கீழ இருந்து புதுக்காத்து வரணும். உச்சியை அடைச்சுட்டா அது வேக வைக்கிற இட்லிப் பானைதான்.

ஷீட்டை ஒத்தைக் கொடியில மடிச்சுப் போட்டா உள்பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு காயவே காயாது. ஒரு அடி இடைவெளியில ரெண்டு கொடி கட்டி, ‘ப’ மாதிரி போடுங்க. நடுவுல காத்து ஓடும்.

மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்குற ஊர்ல மூணு மணிக்குள்ள எடுத்துடணும். அந்தியில பிளாஸ்டிக் உள்பக்கம் வேர்த்து சொட்டும், காஞ்ச துணி திரும்ப நனையும். வெந்நீருக்கு விறகு பாய்லர் எரிக்கிறவங்க அந்தப் புகை வர்ற திசையில கொட்டகை போடாதீங்க. குரங்கும் காட்டுமாடும் வர்ற இடம்னா வெறும் கொடி வேண்டவே வேண்டாம், கொட்டகைக்குக் கதவும் கம்பிவலையும் வெச்சாகணும்.

ரெண்டு மூணு நாள் விடாம மேகத்துக்குள்ள இருந்தா இந்தக் கொட்டகையும் கை கொடுக்காது. காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கும்போது ஃபேன் போட்டும் புண்ணியமில்லீங்க, சூடு வேணும். அதுக்கு டிரையர்தான்.

வெலிங்டன்_ஒயரிங்

டிரையர்ல மூணு வகை. ஈரக்காத்தை வெளிய தள்ளுறது விலை குறைவு. ஆனா 4 இன்ச் குழாயை வளைவு இல்லாம, கிட்டத்துலயே சுவர்ல ஓட்டை போட்டு வெளிய விடணும். அதைச் செய்யாம உள்ளயே விட்டா துணியில இருந்த தண்ணி முழுக்க உங்க சுவர்ல ஏறும், பூஞ்சை பிடிக்கும். கண்டென்சர்ல தண்ணி தொட்டியில சேரும், அதைக் கொட்டணும். ஹீட் பம்ப்ல (சூட்டை வீணாக்காம திரும்பப் பயன்படுத்துற வகை) கரண்ட் பாதிக்கும் குறைவு, ஆனா நேரம் ஜாஸ்தி. அறை ரொம்பக் குளிர்ந்து கிடந்தா இன்னும் இழுக்கும். அதனால வெளி வராந்தாவுல வைக்காதீங்க.

கண்டென்சர்ல ஒரு லிட்டர் தண்ணியை எடுக்க ஏறக்குறைய ஒரு யூனிட்னு வெச்சுக்கோங்க. குன்னூர் அண்ணா சொன்ன ஸ்பின் கணக்கு இங்கதான் காசாகுது: மூணு ரூமுக்கும் ஒன்பதரை யூனிட்டா, ஆறே முக்கால் யூனிட்டான்னு. டிரையருக்கு 16 ஆம்ப் பாயிண்ட், தனி எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), 2.5 ஸ்கொயர் எம்எம் தனி லைன். அதே லைன்ல கீசரையோ வாஷிங் மெஷின் ஹீட்டரையோ கோக்காதீங்க. இன்வெர்ட்டர்ல ஓட்டுற நினைப்பே வேண்டாம்.

ஷீட் உருண்டு பந்தாகி நடுவுல ஈரம் நிக்கிறதுதான் பெரிய தொல்லை. 20 நிமிஷத்துல நிறுத்தி, உதறித் திரும்பப் போடுங்க. குவில்ட் கவர் பட்டனைப் போட்டுடுங்க, இல்லன்னா தலையணை உறையெல்லாம் அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு லோடுக்கும் சுத்தம் பண்ணணும். அடைச்சா நேரமும் கூடும், தீ ஆபத்தும் இருக்கு.

ஊட்டி_ஹவுஸ்கீப்பிங்

வாடைக்குக் காரணம் பாதி ஈரத்துல மடிக்கிறது. குளிர்ல காஞ்ச துணியும் கைக்கு ஜில்லுன்னுதான் இருக்கும், அதனால கையை நம்பாதீங்க. ஒரு சமையல் தராசு போதும். நல்ல வெயில்ல காஞ்ச டவலை நிறுத்து எழுதி வெச்சுக்கோங்க. 560 கிராம் டவல் 600க்கு மேல காட்டினா இன்னும் ஈரம் இருக்கு, அலமாரிக்குப் போகக் கூடாது. அலமாரியை வெளிச்சுவர்ல ஒட்டி வைக்காம ரெண்டு இன்ச் தள்ளி வைங்க, ஈரம் உறிஞ்சுற கால்சியம் குளோரைடு டப்பாவை அடித்தட்டுல வைங்க. டப்பாவுல சேர்ற தண்ணி துணியில சிந்தக் கூடாது.

கறைக்கு வருவோம். மஞ்சள்ல சோப்பு பட்டதும் சிவக்கும், அதைப் பார்த்து பயப்படாதீங்க, சோப்போட காரத்துல அதோட நிறமே அப்படித்தான் மாறும். துவைச்சு நேர் வெயில்ல போட்டா வெளுத்துடும். டிரையர்ல போட்டா அந்த வெளுப்பு கிடைக்காது. மழை நாள்ல வந்த மஞ்சள் டவலை வெயில் வர்ற வரைக்கும் தனியா எடுத்து வைங்க. சாக்லேட்டைக் கரண்டியால சுரண்டி, பச்சைத்தண்ணியில அலசி, என்சைம் உள்ள லிக்விட் தடவி அரை மணி நேரம். ரத்தத்துக்கு எப்பவும் பச்சைத்தண்ணி, சுடுதண்ணி பட்டா உறைஞ்சு ஒட்டிக்கும். தலையணை உறை எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவற லிக்விடை நேராத் தேய்ச்சு 15 நிமிஷம் விடுங்க. டீ, காப்பிக்கும் பழுப்பேறின வெள்ளைக்கும் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் ப்ளீச் பவுடர்). 5 லிட்டர் 50 டிகிரி தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம் ஊறணும். பச்சைத்தண்ணியில போட்டா சரியா வேலை செய்யாது. கம்பளிக்குக் கூடவே கூடாது.

இரும்புச்சத்து உள்ள போர் தண்ணின்னா குளோரின் ப்ளீச்சைத் தொடாதீங்க. தண்ணியில கரைஞ்சிருக்கிற இரும்பைத் துருவாக்கி ஷீட்லயே படிய வெச்சுடும். துருக்கறைக்கு சிட்ரிக் ஆசிட் கரைசல்தான். டவலுக்கு கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னரும் வேண்டாம், நூல் மேல படலம் ஏறி தண்ணியை உறிஞ்சாது. மேக்கப் துடைக்க ஒரு கறுப்பு முகத்துண்டை ரூம்ல வெச்சுடுங்க, வெள்ளை டவல்ல பாதி தப்பிக்கும்.

நாயுடுபுரம்_3ரூம்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சரி, ரூமுக்கு ரெண்டு செட் கூட்டி, கொட்டகை போட்டு, டிரையரை டவலுக்கு மட்டும் வெச்சுக்கலாம்னு இருக்கேன். கீழ அனுப்புறதைப் பத்தி யாருமே சொல்லலையே?

குன்னூர்_லினன்

குவில்ட், கம்பளி, திரைச்சீலை மட்டும் அனுப்புங்க. வீட்டு மெஷின்ல அது அடங்காது, மலையில காயவும் காயாது. தினசரி ஷீட்டை அனுப்பினா போக வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்கே கூடுதல் செட் வேணும். சீசன்ல வண்டி நெரிசல், மழையில மண்சரிவுன்னு ரோடு நிக்கும். உங்களுக்கு அவசரம் வர்றதும் சரியா அதே நாட்கள்தான். அனுப்புறதுல ஓரத்துல கலர் நூலால ஒரு தையல் அடையாளம் போட்டு, எண்ணி எழுதி அனுப்புங்க. திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு ரெண்டு மணி நேரம் ஆற விடுங்க. கீழ் ஊர்ச் சூட்டுல கட்டின கவர் மேல வந்து குளிர்ந்ததும் உள்ளுக்குள்ள வேர்த்திருக்கும்.

புது ஷீட் கரூர்ல எடுக்கிறதா இருந்தா 72×78 மெத்தைக்கு 100×108க்குக் குறையாதீங்க. 8 இன்ச் கனமுள்ள மெத்தைன்னா பக்கத்துக்கு 6 இன்ச் செருகத்தான் மிஞ்சும். காட்டன் முதல் துவையல்ல நூத்துக்கு மூணு முதல் அஞ்சு வரைக்கும் சுருங்கும். 90×100 வாங்கிட்டா கெஸ்ட் புரண்டு படுத்ததும் ஓரம் வெளிய வந்துடும்.