மாடல் ரயில் லேஅவுட்ல போர்டு, லேபிள்லாம் எங்க வைக்கிறது, எவ்ளோ வைக்கிறது?

மீட்டர்கேஜ்_பைத்தியம்:
வணக்கம். மாடி ரூம்ல எட்டுக்கு மூணு அடில ஒரு ஹெச்ஓ (நெசத்துல 87ல ஒரு பங்கு சைஸ்) மாடல் ரயில் லேஅவுட், 12 மில்லி டிராக், எழுபதுகள்ல விழுப்புரம் காட்பாடி லைன் மாதிரி, ஒய்பி நீராவி என்ஜின் ஓடுன காலம். ஸ்டேஷன் திருவண்ணாமலை. பேர் பலகை பிரிண்ட் எடுத்து வச்சா பொம்மைக்கடை ஸ்டிக்கர் மாதிரி பளபளங்குது, எழுத்தெல்லாம் ஈஷிக்கிட்டு நிக்குது. இன்னொன்னு, பாயின்ட் (டிராக் ரெண்டா பிரியிற எடம்) சுவிட்ச் அஞ்சு இருக்கு, எது எந்த லைனுக்குன்னு எனக்கே மறந்துபோகுது, லீவுக்கு வந்த அக்கா பசங்க தப்பு சுவிட்ச தட்டி வண்டியையே கவுத்துட்டாங்க. சரின்னு டிராக் ஓரமா குட்டி நம்பர் சீட்டு ஒட்டினேன், இப்ப போட்டோ எடுத்தா சீர் பாத்திரத்துல பேர் வெட்டுன மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?

பழைய_பாயின்ட்ஸ்மேன்:
வீட்டு பிரிண்டர விடுங்க. எல்லா போர்டையும் ஒரே போட்டோ சைஸ்ல அடுக்கி ஸ்டுடியோல மேட் பேப்பர்ல எடுங்க. நெசத்துல ஒரு அடி உயர எழுத்துன்னா 87ல வகுத்தா மூணரை மில்லி. 300 டிபிஐல ஒரு மில்லிக்கு 12 புள்ளிதான், அப்ப மொத்தமே நாப்பது சொச்சம் புள்ளிக்குள்ள "ண்ணா"வோட சுழியெல்லாம் அடங்கணும், அதான் ஈஷுது. கொஞ்சம் மெல்லிசான ஃபாண்டா போட்டா சுழி தெரியும். மஞ்சளையும் அப்படியே போடாதீங்க, லேசா பழுப்பு கலங்க, வெயில்ல கெடந்த போர்டு அது. வெட்டினப்புறம் ஓரத்துல வெள்ளையா தெரியும், கருப்பு மார்க்கர வச்சு ஒரு இழுப்பு. கால் ரெண்டுக்கும் மிச்சமான ரயில் துண்டையே நடுங்க, நெஜ ஸ்டேஷன்லயும் பழைய தண்டவாளத்த நட்டுத்தான நிறைய எடத்துல போர்டு நிக்குது.

டிரைவர்_பேரன்:
எழுபதுகள்னு சொல்லிட்டு இப்பத்த "லை"யா போட்டீங்க?? எழுத்து சீர்திருத்தம் வந்ததே 1978லதான். அதுக்கு முன்னாடி தும்பிக்கை வச்ச லை, கீழ சுழிச்ச ணா. திருவண்ணாமலைல ரெண்டுமே வருது, வசமா மாட்டினீங்க 😀 சாதாரண ஃபாண்ட்ல வராது, பழைய எழுத்து ஃபாண்ட் கெடைக்கலைன்னா கையாலதான் வரையணும். மேல தமிழ், நடுவுல ஹிந்தி, கீழ இங்கிலீஷ். (ஹிந்தி மேல தார் பூசின போர்டு வச்சாலும் வரலாறுதான், ஆனா வர்றவங்க கிட்ட விளக்கம் சொல்லி மாளாது.)
அப்புறம் லெவல் கிராசிங் விசில் போர்டு, டிரைவர் விசில் அடிக்கணும்னு சொல்ற பலகை. இன்னிக்கு கணக்குக்கு கேட்டுக்கு 600 மீட்டர் முன்னாடி, ஸ்கேல்ல கிட்டத்தட்ட ஏழு மீட்டர், அந்தக் கணக்குல உங்க விசில் போர்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடில நிக்கும். ஒரு அடி தள்ளி வைங்க, யாரும் டேப் எடுத்துட்டு வரமாட்டாங்க.

கூட்ஸ்_சைடிங்:
நம்பர் சீட்டெல்லாம் மொதல்ல பிச்சுப் போடுங்க. ஊருக்குள்ள நிக்கிற போர்டு அந்த ஊர்க்காரனுக்கு, சுவிட்ச் லேபிள் நமக்கு, அதோட எடம் மேஜை முன்பக்க பலகை. அந்தப் பலகைல டிராக்க கோடா வரைஞ்சு எந்த எடத்துல பாயின்ட் பிரியுதோ அங்கயே சுவிட்ச வைங்க, பசங்களுக்கு படிக்கவே வேண்டாம். நம்பருக்கு பதிலா மெயின், லூப் (பக்க லைன்), கூட்ஸ்னு எழுதுங்க. மேஜைக்கு அடில ஒயருக்கு ரெண்டு முனையிலயும் லேபிள் கட்டுங்க, நான் செலோடேப்ல எழுதி ஒட்டி ஒரு கோடை தாண்டல, பசை உருகி எல்லாம் தரைல கெடந்துச்சு, மறுபடி ஒவ்வொரு ஒயரா இழுத்துப் பார்த்தேன்.

பழைய_பாயின்ட்ஸ்மேன்:
மெயின் லூப்லாம் சரி, ஆனா நெஜ பாயின்ட்டுக்கும் நம்பர் உண்டுங்க. பலகைல பேரோட நம்பரும் இருக்கட்டும், ஒயர்லயும் அதே நம்பர்.

மீட்டர்கேஜ்_பைத்தியம்:
சீட்டெல்லாம் பிச்சாச்சு, கூடவே பொடி ஜல்லியும் கொஞ்சம் வந்துருச்சு. தும்பிக்கை லை நாலு தடவை வரைஞ்சேன், இன்னும் வாத்து மாதிரிதான் இருக்கு. யார்கிட்டயாச்சும் அந்தக் காலத்து போர்டு போட்டோ கிட்டக்க எடுத்தது இருந்தா போடுங்களேன்.