சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள்: ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"மாதம் 3,200 டொலர் கைக்கு வருகிறது, இரண்டு பிள்ளைகள், இது காணுமா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பலர் அதை ரூபாயில் பெருக்கி, "ஊரில் இது ராசா வாழ்க்கை" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பெருக்கலை விட்டுவிடுங்கள். வாடகையும் பால் விலையும் டொலரில்தான் போகின்றன.

கனடா அரசு வறுமையை அளக்கும் முறையையே வீட்டுக் கணக்குக்கும் எடுக்கலாம். 2018 இல் 'சந்தைக் கூடை' அளவையை அதிகாரபூர்வ வறுமைக்கோடு என்று அறிவித்தார்கள். 2019 இல் அது சட்டமானது. நான்கு பேர் உள்ள குடும்பம் அளவாக வாழச் சாப்பாடு, உடுப்பு சப்பாத்து, வீடு, போக்குவரத்து, மற்ற அவசியங்களுக்கு அந்தந்த இடத்தில் என்ன செலவாகும் என்று கூட்டுவார்கள். கையில் வரும் காசு அதற்குக் கீழே என்றால் வறுமை. ரொறன்ரோவுக்கு ஒரு கோடு, சின்ன ஊர்களுக்கு வேறு கோடு. தனி ஆளுக்கு, நான்கு பேர் குடும்பத்தின் கோட்டில் காற்பங்கு அல்ல, பாதி. வாடகையைப் பங்குபோட அவருக்கு ஆளில்லையே.

வரி, ஓய்வூதியப் பிடிப்பு, பிள்ளைப் பராமரிப்புச் செலவு எல்லாம் கழித்துத்தான் அந்தக் கைக்கு வரும் காசைக் கணிக்கிறார்கள். ஊருக்கு அனுப்பும் காசைக் கழிப்பதில்லை. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இதனால் கணக்கில் கோட்டுக்கு மேலே, வீட்டுக்குள் கோட்டுக்குக் கீழே.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். முதல் மாரியில் பேஸ்மென்ற் வீடு, மாதம் 400 டொலர் ஊருக்கு. மகளின் பனிச் சப்பாத்து இறுகிவிட்டது என்று தெரிந்தும், அடுத்த சம்பளத்தில் வாங்குவோம் என்று இரண்டு மாதம் தள்ளினேன். ஒரு பின்னேரம் அவள் சப்பாத்தைக் கழற்றினாள். குதிக்கால் தோல் உரிந்து, காலுறை இரத்தத்தோடு ஒட்டியிருந்தது. ஏழு வயதுப் பிள்ளை, வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுத்து, இனி 200 தான் அனுப்ப முடியும் என்றேன். "இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார் அம்மா.

அனுப்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் உடுப்பு, பஸ் காசு என்று கூடையை முதலில் கொப்பியில் எழுதுங்கள். மிஞ்சுவதில் ஊர்க்காசைத் தீர்மானியுங்கள்.

இன்னொன்று: வருமானமே இல்லாவிட்டாலும் கணவன் மனைவி இருவரும் வருடாவருடம் வரிக்கணக்குக் கொடுங்கள். பிள்ளைகளுக்கான மாத உதவிப்பணம் அதை வைத்துத்தான் தொடரும். நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் வந்தவுடனேயே விண்ணப்பிக்கலாம். வேலை அல்லது படிப்பு அனுமதியில் வந்தவர்கள் 18 மாதம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

தம்பி, உங்கள் வாடகை எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு போகிறது? கீழே எழுதுங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.