மெஷின் என்றால் பயம்

ராணிப்பேட்டையிலிருந்து:

தொழில் தொடங்க என்ன தடை என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். கடன், லைசென்ஸ், ஆள் கிடைக்காதது எல்லாம் சரிதான். எனக்குத் தெரிந்த ஒருவருடைய தடை இந்த வரிசையில் வராது, அதனால் எழுதுகிறேன்.

சிப்காட் பக்கம் பர்ஸ், பெல்ட் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். அங்கே டைல்ஸ் போட வந்தவர் வேலூர் பக்கம் மேல்மொணவூரில் இருக்கும் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மூலைக்கு மூலை மட்டம் பிசகாத வேலை. "சொந்தமா கட்டிங் மெஷின் வாங்கி, நாலு பேரை வெச்சு காண்ட்ராக்ட் எடுங்களேன், அட்வான்ஸ் நான் தர்றேன்" என்றேன். "வேண்டாம் அண்ணை, மெசின் எண்டால் எனக்குப் பயம்" என்றார்.

யாழ்ப்பாணம் பக்கத்துச் சுன்னாகத்தில் அவருடைய அப்பா மிளகாய், மாவு அரைக்கும் மில் வைத்திருந்தாராம். 1990-க்குப் பிறகு பெட்ரோல், டீசல், சிமெண்ட், உரம், டார்ச் பேட்டரி வரைக்கும் போரைக் காரணம் காட்டி வடக்கே போக இலங்கை அரசு தடை போட்டது. கரண்டும் நின்றுபோனது. இன்ஜினை மண்ணெண்ணெயில் ஓட்டினார். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும், ஆனால் அரைவைக் கூலியை ஏற்றினால் ஜனங்கள் உரலுக்குத் திரும்பிவிடுவார்கள். பெல்ட் அறுந்தால் புதுசு கிடைக்காது, தைத்துத்தான் மாட்ட வேண்டும். அப்படியும் மில்லை மூடாமல் வைத்திருந்தார். 1995 அக்டோபர் 30 அன்று சுன்னாகம் இருக்கும் வலிகாமம் பகுதி ஜனங்கள் முழுக்கப் போருக்குப் பயந்து ஒரே ராத்திரியில் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். "அரிசி, துணி, தங்கச்சி எல்லாம் சைக்கிளில வந்தது. மில்லை என்னெண்டு தூக்கிறது? அம்மா திறப்பை (சாவியை) மட்டும் முடிஞ்சுகொண்டு வந்தவா." அதன் பிறகு இந்த டைல்ஸ்காரர், கையில் தூக்க முடியாத எதிலும் காசு போட்டதில்லை. அவரிடம் இருப்பது ஒரு பை நிறைய கைக்கருவிகள்.

2012-ல் நம் பக்கம் தினமும் பல மணி நேரம் கரண்ட் போனபோது நாங்களும் தவித்தோம். ஆனால் எப்போது போகும் என்று ஓரளவு தெரியும். ஷிப்டை மாற்றினோம், கடன் வாங்கி ஜெனரேட்டர் போட்டோம். அடுத்த வருஷமும் இதே இடத்தில் இருப்போம் என்ற தைரியத்தில்தான் அந்தக் கடனையே வாங்கினோம். அந்தத் தைரியம் பறிபோனவரிடம் போய் ரிஸ்க் எடு என்று சொல்வது எப்படி?

இங்கே வந்த பிறகாவது அது திரும்பியிருக்க வேண்டும். 2021 நவம்பரில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் மேல்மொணவூருக்கே வந்து புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனாலும் பேங்க்கில் வைக்கச் சொந்தப் பத்திரம் என்று அவரிடம் ஒன்றும் கிடையாது. வேலூரில் பிறந்து வளர்ந்த அவர் மகனுக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

காட்பாடியிலிருந்து:

அண்ணா, எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வரும் நைஜீரியப் பையன் சொன்னதும் இதேதான். இங்கே காலேஜில் படிக்கிறான், ஊர் நைஜீரியாவின் வடகிழக்கில் இருக்கும் மைதுகுரி. போகோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பு 2009-ல் கலவரத்தில் இறங்கிய அதே ஊர். அவன் அம்மாவுக்குத் தையல் கடை. பைக்கில் வந்து சுடுகிறார்கள் என்று 2011-ல் அங்கே பைக்குகளையே தடை செய்தார்கள். பைக் டாக்ஸிக்காரர்களின் பிழைப்பும் போனது, அதில் ஏறி வந்த கஸ்டமர்களும் நின்றுபோனார்கள். 2013-ல் அவசரநிலை போட்டு செல்போனை நிறுத்தியபோது கானோ நகரத்தில் இருக்கும் துணி வியாபாரிக்கு ஆர்டர் சொல்லக்கூட வழியில்லை. 2021-ல் தீவிரவாதிகள் மின்கோபுரங்களைத் தகர்த்ததில் ஊரே மாதக்கணக்கில் இருட்டு. பவர் மெஷின் வாங்கியிருந்தால் சும்மா கிடந்திருக்கும் என்கிறான். அம்மா இன்றும் காலால் மிதிக்கிற மெஷின்தான். ஒரு வாரத்துக்கு மேல் துணி ஸ்டாக் வைப்பதில்லையாம். வேலை தெரிந்த பெண்கள் அக்கம்பக்கத்திலேயே இருந்தும் ஆள் சேர்ப்பதில்லை.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டிங் மெஷினை உங்கள் பேரில் வாங்கி அவருக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன? எங்கள் மாடிக்கு டைல்ஸ் போட வேண்டும், அந்த வேலையை அவருக்கே தருகிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:

நல்ல யோசனை தம்பி. அவரிடம் நேரடியாகக் கேட்டால் மறுத்துவிடுவார், முதலில் மகனிடம் பேசிப் பார்க்கிறேன். மாடி அளவை மட்டும் அனுப்புங்கள்.