நரம்புசெல்லின் நுனி வரை எம்.ஆர்.என்.ஏ. போவது எப்படி?

தேன்கூடு_மார்த்தாண்டம்:
எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். செமினாருக்குச் சீட்டுப் போட்டதில் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதங்கள் எனக்கு விழுந்தது. நரம்புசெல்லில்தான் குழப்பம். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஆக்சான், அதாவது அந்த செல்லின் நீண்ட இழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ. அவ்வளவு தூரம் போகும்போது, அந்தச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் ஏதாவது வழியிலேயே அதைப் பிடித்துப் புரதம் செய்துவிடாதா? பேசாமல் புரதத்தையே செய்து அனுப்பினால் என்ன?

தோவாளை_அக்கா:
நல்ல கேள்வி தங்கச்சி. எங்கள் ஊர்ச் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிச்சியை மொட்டாகத்தான் கட்டி அனுப்புவார்கள். போன இடத்தில் விரிந்தால் போதும். செல் செய்வதும் இதுதான்.

செல்லின் உட்சட்டகத்தில் உள்ள பீட்டா ஆக்டின் என்ற புரதத்தை எடுத்துக்கொள். அதன் எம்.ஆர்.என்.ஏ.வின் 3 பிரைம் முனைப் பக்கம், புரதத்துக்கான செய்தி முடிந்த பிறகு, 54 எழுத்துள்ள ஒரு துண்டு உண்டு. இசட்.பி.பி.1 என்ற புரதம் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் வரை ரைபோசோம் வேலையைத் தொடங்க முடியாது. நுனிக்குப் போனதும் அங்குள்ள சார்க் என்ற நொதி இசட்.பி.பி.1-இன் 396-ஆவது இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும். பிடி தளரும், புரதம் உருவாகும். 2005-இல் வெளிவந்த வேலை இது. செமினாரில் இதை மட்டும் நிதானமாகச் சொன்னாலே பாதி நேரம் போய்விடும்.

புரதத்தை அனுப்பவே மாட்டாது என்று எழுதிவிடாதே. பெரும்பாலான புரதம் செல் உடலில் செய்யப்பட்டுத்தான் போகிறது. ஆனால் ஒரு எம்.ஆர்.என்.ஏ. போய்ச் சேர்ந்தால் அங்கேயே அந்தப் புரதத்தைப் பல பிரதி செய்யலாம், அதுவும் தேவைப்படும் சினாப்ஸில் (இரு நரம்புசெல் சந்திக்கும் இடம்), தேவைப்படும்போது.

தேன்கூடு_மார்த்தாண்டம்:
சரிக்கா. அப்போ செல்லுக்குள் சரக்கு இழுக்கும் கினீசின் புரதம் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் பிடிப்பதில்லையா?

தோவாளை_அக்கா:
பொதுவாக இல்லை. ஆர்.என்.ஏ.வும் பல புரதங்களும் சேர்ந்த துகளாகத்தான், செல்லுக்குள் தண்டவாளம் போல இருக்கும் நுண்குழல் மேல் போகும். அதுவும் நேராகப் போகாது. நிற்கும், பின்னால் வரும், மறுபடி ஓடும். பாடப்புத்தகப் படத்தில் ஒரே அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தக்கலை_டீச்சர்:
சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரைக் குறைபாடான ஃப்ரஜைல் எக்ஸ் என்று மருத்துவச் சீட்டில் எழுதிய ஒரு பையன் வகுப்பில் இருக்கிறான். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தோவாளை_அக்கா:
உண்டு டீச்சர். எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மரபணு அடங்கிவிடும். அது செய்ய வேண்டிய எஃப்.எம்.ஆர்.பி.யும் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம்தான். சுமப்பதிலும் பங்கு உண்டு, ஆனால் சினாப்ஸ் பக்கம் புரத உற்பத்தியை அடக்கி வைப்பதே அதன் முக்கிய வேலை. அது இல்லாதபோது உற்பத்தி அளவுமீறிப் போகிறது. மரபணு அம்மா வழியாக வருவதால் குடும்பத்தில் மற்றவர்களும் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது; அவன் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.