இரண்டு மலை, நடுவில் சூரியன்: பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கையில் மனசை விட்டுப் போகாத ஒரு நொடி – திருநெல்வேலிப் பக்கத்து ஓவிய ஆசிரியர்கள் மாறி மாறி எழுதின அனுபவப் பகிர்வு

பாளை கரிக்கோல்

குறுக்குத்துறை படித்துறை, காலை ஏழரை மணி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கொரு ஏ4 தாள், கிளிப் வைத்த அட்டை. எதிரே ஆறு, ஆற்றுக்குள்ளேயே கல் மண்டபம், பாறை, துணி துவைக்கிறவர்கள். "முன்னால என்ன இருக்கோ அதை வரைங்க" என்பது மட்டும்தான் சொன்னது. அரைமணி கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே படம். அது எல்லோருக்கும் தெரிந்த படம்தான்: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, குடிசை, தென்னை, டிக் போட்டது மாதிரி நாலு பறவை.

ஒரு பிள்ளை தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தாள். தூண்களை எண்ணவும் செய்தாள், விரல் அசைந்தது. பிறகு குனிந்து குடிசைக்குக் கூரை வேய்ந்தாள். அந்த இரண்டு நொடிதான் இன்னும் உறுத்துகிறது.

அவள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்ததைத் தாளில் எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாதபோது கை பழகின படத்துக்கு ஓடிவிடுகிறது. அடுத்த வாரம் ஜன்னல் அட்டை செய்ய வைத்தோம். பழைய காலண்டர் அட்டையில் 9 செ.மீ.க்கு 6.4 செ.மீ. ஓட்டை, அதன் வழியே காட்சியைப் பார்த்து வரைய. இந்த அளவு முக்கியம், ஏ4 தாளின் நீள அகல விகிதம் இதுதான். சிலர் கண்போன போக்கில் சதுரமாக வெட்டிவிட்டார்கள். சதுரத்தில் பார்த்ததை நீளத் தாளில் நிரப்பும்போது மண்டபம் பக்கவாட்டில் இழுபட்டுக் குட்டையாகிவிட்டது. ஓட்டையின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கறுப்பு நூல் ஒட்ட வேண்டும், தாளிலும் அதேபோல லேசாக இரண்டு கோடு.

இன்னொரு சிக்கல், கை முன்னும் பின்னும் போனால் காட்சி சுருங்கி விரியும். அட்டையின் அடியில் 25 செ.மீ. நூல் கட்டி, முனையில் முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டால் தூரம் மாறாது. முதலில் வரைய வேண்டியது மண்டபம் கிடையாது. ஓட்டையின் நாலு விளிம்பையும் எது எது எந்த இடத்தில் வெட்டுகிறது என்று தாள் ஓரத்தில் புள்ளி வைக்க வேண்டும். கரை இடது ஓரத்தில் எந்த உயரத்தில், வலது ஓரத்தில் எந்த உயரத்தில்? இந்த ஐந்தாறு புள்ளி விழுந்துவிட்டால் குடிசை வர இடமே இருக்காது.

கல்லிடை மேற்கு

அண்ணாச்சி, ஜன்னல் அட்டை சரி. ஆனால் அந்த மலைப் படத்தை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். அதை வைத்தே பாடம் நடத்தலாம்.

எட்டாம் வகுப்புப் பையன், அதே படம், கீழே "சூரிய உதயம்" என்று எழுதியிருந்தான். "உங்க ஊர்ல மலை எந்தப் பக்கம்டே?" என்று கேட்டதும் ஒரு கையை மேற்கே நீட்டினான். "சூரியன் எங்க உதிக்கும்?" மற்ற கையைக் கிழக்கே நீட்டினான். இரண்டு கையும் எதிரெதிரே நீண்டபடி அப்படியே நின்றான். பொதிகையைத் தினமும் பார்க்கிற பையன்.

நம் பக்கத்தில் மலைக்கு நடுவே சூரியன் என்றால் அது அந்தி. அந்தி என்று ஒத்துக்கொண்ட உடனே படத்தின் வெளிச்சம் மொத்தமும் மாறிவிடும். ஒளி மலைக்குப் பின்னால் இருக்கிறது, நம்மைப் பார்த்த பக்கம் முழுக்க நிழல். மலையில் மரம் மரமாகப் பச்சை தீட்ட வழியில்லை, ஒரே தட்டையான நிறம்தான். இங்கேதான் ஐந்து கட்டப் பயிற்சி உதவும். 2 செ.மீ. கட்டம் ஐந்து, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக. வரிசையாக ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகச் சொன்னால் கெட்டுவிடும், மூன்றாவது கட்டத்திலேயே கறுப்பைத் தீர்த்துவிட்டு நாலும் ஐந்தும் ஒன்றுபோல ஆகிவிடும். முதல் கட்டம் வெறும் தாள். அடுத்து ஐந்தாவதை 6பி பென்சிலில் முடிந்தமட்டும் கறுப்பாக்க வேண்டும். பிறகு நடுவிலுள்ள மூன்றாவது, அதற்கப்புறம் இரண்டும் நாலும். இரு முனையும் முதலில் நிலைத்துவிட்டால் நடு தானாக அமையும்.

இனி படத்துக்கு வருவோம். வானம் 1, தூரத்து மலை 2, கிட்டத்து மலை 3, தோப்பு 4, கரையில் நிற்கும் பனை 5. பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலை பெரியது, கனமானது என்ற நினைப்பில் அதற்குத்தான் பென்சிலை அழுத்துகிறார்கள். நமக்கும் மலைக்கும் நடுவே எத்தனையோ மைல் காற்று, ஈரம், தூசி இருக்கிறது, அது மலையை வெளிற வைக்கும். சாரல் காலத்தில் வெளியே கூட்டிப்போய்க் காட்டினால் ஒரு சொல்லும் தேவையில்லை, அன்றைக்கு மலை இரண்டாவது கட்டத்துக்கும் கீழே போய் விளிம்பே கரைந்திருக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கப் பழக்குங்கள், சின்ன விவரங்கள் மறைந்து பெரிய இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். இன்னொன்று, விரலால் தேய்த்து வழவழப்பாக்குவதை இந்த ஐந்து கட்டம் கைக்கு வரும்வரை அனுமதிக்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறி, அந்த இடம் திட்டுத் திட்டாகிவிடும். அப்புறம் ரப்பரும் எடுக்காது.

மண்பானை

காருகுறிச்சிப் பானை ஒன்று, பிரிமணை மேல், பெஞ்சில். பத்தாம் வகுப்பு. முன்னால் வைத்த பொருளைப் பார்த்து வரையும் மாடல் டிராயிங்கில் எல்லோருக்கும் தெரிந்த தவறுதான்: வாய் இரண்டு முனையும் கூராக மீன் மாதிரி, அடி ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு. திருத்தச் சொன்னதும் ஒரு பையன் எழுந்துபோய்ப் பானை விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினான். "வட்டம்தான் சார் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பானைக்கு மேலே முழு வட்டம் போட்டான். அவன் சொன்னது உண்மை. விரலுக்கு வட்டம்தான்.

அன்றைக்கு வாயால் விளக்கினது ஒன்றும் எடுபடவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்ததும்தான் வேலை நடந்தது. தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக வந்தால் கோடு. மெல்ல இறக்க இறக்க வாய் திறந்துகொண்டே போகிறது. அதனால் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் எந்தப் பாத்திரத்திலும் மேல் நீள்வட்டம் ஒடுக்கம், அடி நீள்வட்டம் அதைவிட அகலத் திறந்தது. பானை அடி உருண்டை என்பதால், பிரிமணையின் வட்டத்தை முதலில் போட்டு அதற்குள் பானையை உட்கார்த்தினால் மிதக்காது.

நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் எவ்வளவு ஒடுக்கமானாலும் உருண்டுதான் திரும்பும், கூர் வராது. மணிக்கட்டை அசைத்தால் கூர் விழும், தோளிலிருந்து அசைத்தால் விழாது. தாளைத் தொடாமல் காற்றில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஐந்தாவது சுற்றில் பென்சிலை இறக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது என்று ஒரு வாரம் போட்டால் கை பிடித்துக்கொள்ளும்.

ஷேடிங்கிலும் ஒரு வார்த்தை: விளிம்புக் கோட்டை ஒட்டியே கறுப்பை ஏற்றினால் பானை தகடாகிவிடும். ஆகக் கறுத்த இடம் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும். விளிம்பில் பெஞ்சிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரு கோடாக நிற்கும்.

சந்திப்பு 2பி

ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற வழக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிடுங்கினால் பிள்ளைகள் இன்னும் இறுக்கமாகிறார்கள். பயத்தில் பென்சிலை முனைக்குப் பக்கத்தில் பிடித்து ஒரே கோட்டில் முடிக்கப் பார்க்கிறார்கள். தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால் கோடு பின்பக்கம் புடைத்திருக்கிறது. அழித்தாலும் பள்ளம் போகாது, ஷேடிங் போடும்போது அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாக எழும்பி வரும். ரப்பர் இருக்கட்டும். பிடியை மாற்றுங்கள். முனையிலிருந்து 8 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அழுத்தவே முடியாது.

உருவப்படம்

பிளஸ் ஒன் பையன் நடிகர் படம் ஒன்று பென்சிலில் வரைந்து கொண்டுவந்தான். செல்போனில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்த்தது. கண், மீசை, சுருள்முடி எல்லாம் அச்சு. பக்கத்தில் இருந்த கூட்டாளியைப் பத்து நிமிஷத்தில் வரையச் சொன்னால், கண் இரண்டும் தலையின் மேல் பாகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற தவறுதான். முடிக்குள்ளே வரைய ஒன்றும் இல்லை என்று மண்டையைச் சுருக்கிவிடுவார்கள்.

கூட்டாளி தலையில் பென்சிலை நிறுத்தி, உச்சியிலிருந்து கண், கண்ணிலிருந்து தாடை என்று அளக்க வைத்தோம். இரண்டும் சமம். "அப்போ நெத்தி எங்க சார் போச்சு?" என்று மூன்று தடவை அளந்தான். பிறகு தானாகவே போய், தான் வரைந்த நடிகர் படத்தின் மேல் பென்சிலை வைத்தான். அதிலும் கண் சரிபாதியில். அவன் கையாலேயே சரியாகப் போட்டது. போட்டது அவனுக்குத் தெரியவில்லை.

கட்டம் செய்வது இதைத்தான். அளவைக் கொடுத்துவிடும், அளக்கும் கண்ணைக் கொடுக்காது. முதல் இரண்டு வருஷம் கட்டமே வேண்டாம். இரு கண்ணுக்கு நடுவே ஒரு கண் அகலம், காது புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை, தலை குனிந்தால் காது மேலே ஏறும், நிமிர்ந்தால் இறங்கும்: இதைப் பக்கத்துப் பையன் முகத்தில் அளந்து படித்தால் போதும்.

விளம்பரப் பலகை

கட்டமே வேண்டாம் என்று மேலே சார் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. முதல் பதிவில் அண்ணாச்சி ஜன்னல் அட்டையில் கட்டின இரண்டு நூல் என்ன? அதுவும் நாலு கட்டம்தான்.

சினிமா பேனர் எழுதினவர்கள் பத்தடி முகத்தைக் கையெட்டும் தூரத்தில் நின்று எழுதினார்கள். அந்தத் தூரத்தில் ஒரு கண் மட்டுமே பெரிதாகக் கண்முன்னால் தெரியும், கட்டம் இல்லாமல் எப்படிப் பிடிப்பது? பெரிதாக்குகிற வேலைக்குக் கட்டம் கருவி, குறுக்குவழி கிடையாது. பிள்ளைகளிடமிருந்து பிடுங்காமல் பைய விலக்கினால் போதும். முதல் படம் 2 செ.மீ. கட்டம். அடுத்தது 4. அதற்கடுத்தது நடுவில் ஒரு நெடுக்குக் கோடு, கண் மட்டத்தில் ஒரு குறுக்குக் கோடு மட்டும். நாலாவது படத்துக்குத் தாளில் ஒன்றும் இல்லை, பென்சிலைக் கையில் நீட்டிப் பிடித்து அளப்பது மட்டும். அப்படி அளக்கும்போது முழங்கை மடங்கக்கூடாது, ஒரு கண் மூடியிருக்க வேண்டும். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும்.

கிருஷ்ணாபுரம் போனவர்கள்

கட்டச் சண்டை இருக்கட்டும். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளை வரையக் கூட்டிப்போனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. அரசகுமாரியைத் தூக்கிப்போகும் குறவன் சிலை முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள். அத்தனை பேரும் நகையிலிருந்து தொடங்கினார்கள். காது வளையம், கழுத்துச் சரம் என்று நுணுக்கி நுணுக்கி இறங்கி, முழங்காலோடு தாள் தீர்ந்துவிட்டது. ஒரு பிள்ளை மிச்ச இடத்தில் பாதத்தை மட்டும் சின்னதாகச் சொருகினாள். முழங்கால் வரை வாட்டசாட்டம், கீழே குழந்தைப் பாதம்.

பென்சில் தொட்டதும் முதல் இரண்டு அடையாளம்: தலை உச்சி, பாதம். இடையில் பாதியைக் குறித்தால் நிற்கிற உருவத்தில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே விழும். அடுத்தது தூக்குக்குண்டு. கொத்தனார் குண்டு வேண்டாம், நூலில் ஒரு சாவி கட்டினால் போதும். கழுத்துக் குழிக்கு நேராகத் தொங்கவிட்டால், ஒற்றைக்காலில் பாரம் ஏற்றி நிற்கும் உருவத்தில் அந்தக் காலின் பக்கமாக நூல் விழும். பாரம் ஏறின பக்கம் இடுப்பு தூக்கும், அதே பக்கம் தோள் இறங்கும். இந்த இரண்டு சாய்ந்த கோட்டையும் முதல் முப்பது நொடியில் போட்டுவிட வேண்டும். நகையெல்லாம் கடைசிப் பத்து நிமிஷ வேலை.

ஊசிக்கோபுரம்

காம்போசிஷன், அதாவது தாளில் எதை எங்கே வைப்பது என்பதை ஒருவரும் தொடவில்லை, அதனால் இது. நம் பிள்ளைகள் எதை வரைந்தாலும் தாளின் நட்டநடுவில் வைப்பார்கள். வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தது காலண்டர் சாமிதானே. கோவில்பட்டி காலண்டர் ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வழியில் வந்த படங்களில் சாமி நேர் எதிரே, நடுவில், இரு பக்கமும் சமமாக நம்மைப் பார்த்து நிற்கும். கும்பிடுகிற படத்துக்கு அந்த அமைப்புதான் பொருத்தம். சந்தை, தெரு, ஆறு என்று வரும்போது அதே நடு படத்தை உறைய வைத்துவிடுகிறது.

இன்னொன்று ஒட்டல். பனை உச்சி மலைக்கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்கும், கோபுரக் கலசம் தாள் மேல்விளிம்பை முட்டும். தொட்டால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒன்று தெளிவாக மறைக்கட்டும், அல்லது விரலகலம் விலகட்டும்.

சொல்ல வந்தது பாளையங்கோட்டையில் நடந்தது. ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்கிற தேவாலயத்தின் எதிரே உட்கார வைத்து, தாள் கொடுத்தோம். எல்லோரும் தாளைக் கிடையாக வைத்தார்கள், அட்டையின் கிளிப் அப்படி இருந்தது. கோபுரம் தாளுக்கு அடங்கவில்லை. ஒருவன் அதைப் பாதியாகக் குறுக்கினான், ஒருவன் நுனியை மழுக்கினான். நாற்பது நிமிஷம் கழித்து ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "டீச்சர், தாளைத் திருப்பிக்கிடலாமா?" என்று கேட்டாள்.

நாற்பது நிமிஷம் அவள் அதற்கு அனுமதி கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது வெளியே போனால் பெரிய தாள் முதலில் கையில் போவதில்லை. நோட்டுத்தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டம் ஆறு, பத்து நிமிஷம்: இரண்டு நெடுக்காக, இரண்டு கிடையாக, ஒன்று சதுரம், ஒன்று அவரவர் இஷ்டம். ஒவ்வொன்றிலும் மூன்று நிறம் மட்டும், தாள் வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு. அதில் ஒன்றைக் காட்டி "இதுதான்" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் கிளிப்பைக் கழற்றித் தாளை மாட்டுவது, எந்தப் பக்கமாக மாட்டுவது என்பதும் அவர்கள் பாடு.